இல்லத் தானியக்க நிரலாக்கமும் தமிழ் வினையெச்சமும்: பிறமொழிவழிக் கற்பித்தல் குறித்த ஒரு நோக்கு

முன்னுரை

மலேசியத் தமிழ்ப்பள்ளியில் பயின்று இடைநிலைப் பள்ளிக்குச் செல்லும் மாணவர், கணினிக்குக் கட்டளை எழுதக் கற்கும்பொழுது மூன்று மொழிகளுக்கு நடுவே நிற்கிறார். கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில் உள்ளன. அவற்றை விளக்கும் பாடநூலும் ஆசிரியர் உரையும் பெரும்பாலும் மலாய்மொழியில் அமைகின்றன. வீட்டில் என்ன நடக்கவேண்டும் என்று அவர் எண்ணிப் பார்ப்பது தமிழில். இம்மூன்றுக்கும் இடையே பொருள் எங்கே நழுவுகிறது, அதனைத் தடுக்கத் தமிழாசிரியரால் இயல்வது யாது என்பதை, இல்லத் தானியக்கம் என்னும் ஒரு சிறு பரப்பை எடுத்துக்கொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இல்லத் தானியக்கம் என்பது விளக்கு, மின்விசிறி, நீரேற்றி, கதவுப் பூட்டு முதலிய வீட்டுச் சாதனங்களை உணரிகளின் துணைகொண்டு தாமே இயங்கச் செய்வதாகும். நிரலாக்கத்தின் பல துறைகளுள் இதனை நாம் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. இதில் கடினமான கணிதம் இல்லை. நீண்ட நிரலும் இல்லை. 'இன்னது நேர்ந்தால் இன்னது செய்க' என்னும் ஒரே வகைத் தொடரே மீண்டும் மீண்டும் வருகிறது. அதாவது, இத்துறையின் அடிப்படை அலகு ஒரு நிபந்தனை வாக்கியமாகும். நிபந்தனை வாக்கியமோ மொழியாசிரியருக்கு உரிய பொருள்.

மொழிக் கொள்கையும் கணினிப் பாடமும்

2003ஆம் ஆண்டு மலேசியாவில் கணிதம், அறிவியல் ஆகிய பாடங்களை ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை நடைமுறைக்கு வந்தது. 2009இல் அதனைக் கைவிட முடிவெடுக்கப்பட்டு, 2012 முதல் படிப்படியாக விலக்கப்பட்டது. பின்னர் 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்தது. தமிழ்ப்பள்ளிகளில் அதனை ஏற்பதா மறுப்பதா என்பதில் எழுந்த கருத்து மோதல்கள் வாசகர் அறிந்தவையே. 2017இல் இடைநிலைப் பள்ளிக்கான புதிய கலைத்திட்டத்தின்கீழ் வடிவமைப்பும் தொழில்நுட்பமும், கணினி அறிவியல் அடிப்படை ஆகிய பாடங்கள் முதலாம் படிவத்தில் அறிமுகமாயின. சிங்கப்பூரில் நிலை வேறு. அங்கு ஆங்கிலமே பயிற்றுமொழி. 2020 முதல் தொடக்கப்பள்ளி மேல்வகுப்பு மாணவர் அனைவருக்கும் நிரலாக்க அறிமுகம் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. தமிழ் அவ்வகுப்பறைக்குள் வருவதில்லை.

இவ்விவாதங்களில் பெரிதும் பேசப்பட்டது கலைச்சொல்லே. உணரியா, உணர்வியா, நிரலா, செய்நிரலா, நுண்கட்டுப்படுத்தி என்னும் நெடுஞ்சொல்லை மாணவர் நாவில் வைக்க இயலுமா என்னும் வினாக்களே முன்னின்றன. மலாய்மொழி இவ்வகையில் நெடுந்தூரம் வந்துவிட்டது. உணரிக்குப் 'பெண்டெரியா', ரிலேக்குக் 'கெகந்தி', நிரலாக்கத்திற்குப் 'பெங்ஙாத்துர்ச்சாராஅன்' என நிலைபெற்ற சொற்கள் அதற்கு உண்டு. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களும் மின்சுற்றைத் திறந்து மூடும் சாதனத்தை 'ஆளி' என்று அழகுறக் குறிக்கின்றன. ஆள்வது ஆளி! நம் நாட்டில் அச்சொல் பரவாதது நமக்கு ஓர் இழப்பே.

எனினும், கலைச்சொல்லே தலையாய சிக்கல் என்னும் கருத்தை நாம் ஏற்பதற்கில்லை. 1989ஆம் ஆண்டின் தரப்படி 'சி' மொழியின் ஒதுக்கப்பட்ட சொற்கள் 32 மட்டுமே. அவற்றுள்ளும் ஒரு வீட்டு விளக்கை இயக்கத் தேவைப்படுபவை மிகச் சில. 'இஃப்', 'எல்ஸ்', 'வைல்' ஆகியவற்றைப் பதின்மூன்று வயது மாணவர் ஒரு பாடவேளையில் மனனம் செய்துவிடுவார். மின்விசிறியைத் தமிழில் எவ்வாறு அழைத்தாலும் அது சுழலும். பிலிப் குவோ 2018இல் வெளியிட்ட ஆய்வு இங்கு நோக்கத்தக்கது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத 840 பேரிடம் அவர் தகவல் திரட்டினார். அவர்கள் 86 நாடுகளைச் சார்ந்தவர்கள். அவர்கள் கூறிய தடைகளுள் கற்றல் ஏடுகளைப் படித்துப் பொருள்கொள்வதும், ஆங்கிலத்தையும் நிரலாக்கத்தையும் ஒருசேரக் கற்க நேர்வதும் முக்கியமானவை. சொல்லைக் காட்டிலும் சொற்றொடரே அவர்களைத் தடுத்தது எனலாம்.

துணிக்கொடியும் மழையும்

நம் நாட்டு மாணவர் செய்முறைத் திட்டங்களுள் தானியங்கித் துணிக்கொடி மிகப் பரவலானது. காலையில் துணி உலர்த்திவிட்டு வேலைக்குச் செல்வோர் வீட்டில் மாலை மழை வந்தால் கொடி தானே கூரைக்குள் செல்லவேண்டும். ஒரு மழை உணரி, ஒரு மோட்டார், ஓர் அர்டுயினோ பலகை போதும். (இப்பலகை 2005ஆம் ஆண்டு இத்தாலியின் இவ்ரேயா நகரில் ஒரு வடிவமைப்புக் கல்விக்கூடத்தில் மாணவர் பயன்பாட்டிற்கென உருவானது. உருவான நாடு ஆங்கிலம் பேசும் நாடன்று. ஆயினும் அதன் கட்டளைச் சொற்கள் ஆங்கிலமே.)

'மழை பெய்தால் கொடியை உள்ளே இழு.' மாணவர் எழுதும் முதல் வாக்கியம் இதுவே. இதனை 'இஃப்' கட்டளையாக்கிப் பலகையில் ஏற்றினால் என்ன நேரும்? அர்டுயினோவின் நிரலில் 'லூப்' என்னும் பகுதி, மின்சாரம் உள்ளவரை ஓயாது சுழன்றுகொண்டே இருக்கும். இத்தகைய சிறு நிரல் ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கான முறை சுழல வல்லது. ஒவ்வொரு சுற்றிலும் பலகை 'மழை உண்டா?' என்று வினவும். உண்டெனில் 'இழு' என ஆணையிடும். கொடி முற்றும் உள்ளே வந்துவிட்ட பின்பும் மழை நிற்கவில்லையாதலின் ஆணையும் நிற்காது. மோட்டார் தண்டவாளத்தின் முனையில் முட்டித் திணறும், சூடேறும்.

மாணவர் இதனைக் கருவியின் கோளாறு எனக் கருதுவார். ஆசிரியரோ ஒரு மாறியைக் கூடுதலாகச் சேர்க்கும்படி கூறி, நிரலைத் திருத்திக் கொடுத்துவிடுவார். திருத்தம் சரியானதே. முன் சுற்றில் உணரி உலர்ந்திருந்ததா, இச்சுற்றில் நனைந்துள்ளதா என ஒப்பிட்டு, உலர்விலிருந்து ஈரத்திற்கு மாறிய அந்த ஒரு கணத்தில் மட்டும் ஆணையிடவேண்டும். ஆனால், எதற்காக இத்திருத்தம் என்பது மாணவருக்கு விளங்குவதில்லை. விளக்குவதற்கு வேண்டிய கருவி அவருடைய தாய்மொழியிலேயே உள்ளது என்பதை இங்கு வலியுறுத்த விழைகிறோம்.

'மழை பெய்தால்' என்பது பொதுவான நிபந்தனை. 'மழை பெய்யத் தொடங்கியதும்' என்பது ஒரு நிகழ்வு. ஒரு கணத்தில் நேர்ந்து முடிவது. 'மழை பெய்துகொண்டிருந்தால்' என்பது ஒரு நிலை. தொடக்கமும் முடிவும் உடைய கால அளவில் நீடிப்பது. 'மழை பெய்திருந்தால்' என்பது முடிந்த செயலின் விளைவாக எஞ்சிய நிலை. தரை ஈரமாக உள்ளது, செடிக்கு நீர் விடவேண்டியதில்லை. இவ்வேறுபாடுகளைத் தமிழ் தனிச்சொற்களால் உணர்த்துவதில்லை; வினைமுடிபாலும் 'இரு', 'கொண்டிரு' முதலிய துணைவினைகளாலும் உணர்த்துகிறது. இவை ஏட்டுத்தமிழுக்கு மட்டும் உரியன அல்ல. 'மழ பெஞ்சவொடனே', 'பெஞ்சிக்கிட்டிருந்தா', 'பெஞ்சிருந்தா' என்று ஆறு வயதுக் குழந்தையும் பிழையின்றி வேறுபடுத்திப் பேசும். இலக்கண நூலார்க்கும் இது புதிதன்று. நன்னூல் கூறும் பன்னிரு வினையெச்ச வாய்பாடுகளுள் 'செய்தென' என்பது முற்பட்ட ஒரு நிகழ்வையும் அதன் பின் வருவதையும் இணைப்பது. 'செயின்' என்பது இனி நிகழக்கூடியதை நிபந்தனையாக நிறுத்துவது. நம் மாணவர் இவ்வாய்பாடுகளை ஒப்புவிக்கிறார். இவற்றுக்கு வீட்டில் ஒரு மோட்டாரைக் காக்கும் பயன் உண்டு என்பதை மட்டும் நாம் சொல்வதில்லை.

நிகழ்வு, நிலை என்னும் இவ்வேறுபாடு இத்துறையின் நடுநாயகமான சிக்கல் என்பதை ஆங்கிலம் பேசும் நாடுகளில் நடந்த ஆய்வுகளும் காட்டியுள்ளன. 2015இல் ஹுவாங், சக்மாக் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, இத்தகைய விதிகளை அமைக்கும் பயனர்கள் நிகழ்வையும் நிலையையும் ஒன்றாகக் கொண்டு தவறான விளைவை எதிர்பார்ப்பதை விரித்துரைக்கிறது. 2010இல் தோன்றிய 'இஃப்ட்' என்னும் இணையச் சேவையின் பெயரே இக்குழப்பத்திற்குச் சான்று. அப்பெயரின் விரிவு 'இது எனில் அது' என்பதாகும். ஆனால், அச்சேவையில் விதியைத் தூண்டுவது ஒரு நிகழ்வு. 'எனில்' என்று பெயரிட்டு 'ஆனதும்' என்று இயங்குகிறது அது.

ஆங்கிலத்திற்கோ மலாய்மொழிக்கோ இவ்வேறுபாட்டை உணர்த்தும் ஆற்றல் இல்லை என்பது நம் கருத்தன்று. மலாயில் 'டிபுக்கா' என்றால் கதவு திறக்கப்படுதல். 'தெர்புக்கா' என்றால் திறந்திருத்தல். 'ஜிகா' நிபந்தனைக்கும் 'அபாபிலா' நிகழ்வுக்கும் பொருந்துவன. ஒவ்வொரு மொழியும் தன் வழியில் இதனைச் செய்கிறது. நிரல்மொழிதான் அதனைத் தட்டையாக்கி 'இஃப்' என்னும் ஒற்றைச் சொல்லில் அடைத்துவிட்டது. தட்டையானதை மீண்டும் விரித்துப் பொருள்கொள்ள, வினைவடிவங்களின் நுட்பம் கைவந்த ஒரு மொழி மாணவருக்கு வேண்டும். 'தெர்', 'டி' என்னும் முன்னொட்டுகளிடையே இன்னும் தடுமாறும் மாணவருக்கு, அதிலும் தேசியமொழித் தேர்ச்சி போதாமையால் ஓராண்டைப் புகுமுக வகுப்பில் கழித்துவரும் மாணவருக்கு, அந்த மொழி தமிழாகவே இருத்தல் இயலும். அவரைத் 'தருக்க அறிவு குறைந்தவர்' என வகுப்பறை முத்திரை குத்துவதை நாம் காண்கிறோம். அவரிடம் தருக்கம் உண்டு. கேட்கப்படும் மொழியில்தான் அது இன்னும் இல்லை.

சொல்லமைதியும் செயல்வரிசையும்

2013இல் தொடங்கப்பட்ட 'ஹோம் அசிஸ்டண்ட்' என்னும் கட்டற்ற மென்பொருள் இன்று பல நாடுகளில் வழங்குகிறது. அதில் எழுதப்படும் விதிக்கு மூன்று உறுப்புகள்: தூண்டல், நிபந்தனை, செயல். துணிக்கொடி விதியை இவ்வடிவில் எழுதிப் பார்ப்போம். 'மழை பெய்யத் தொடங்கியதும், கொடி வெளியே நீண்டிருந்தால், அதனை உள்ளே இழு.' தூண்டல் முதலில், நிபந்தனை அடுத்து, செயல் இறுதியில். பொறி செயற்படும் வரிசையும் இதுவே. தமிழில் எச்சங்கள் முன்னும் முற்று பின்னும் வருதல் இயல்பாதலின், மாணவர் எதனையும் இடம்மாற்றவேண்டியதில்லை. ஆங்கில உரைநடையில் செயலை முதலிற் கூறி நிபந்தனையைப் பின்னிணைப்பது மிக இயல்பு. அவ்வாறு எழுதிப் பழகியவரே விதி எழுதும்போது தலைகீழாக்கவேண்டியவராகிறார். அம்மென்பொருளின் திரையிலும் தூண்டல், நிபந்தனை என்னும் கலைச்சொற்களுக்குப் பதிலாக, 'இது நேரும்போது', 'மேலும் இவ்வாறிருந்தால்', 'பின் இதனைச் செய்' என்னும் பொருள்தரும் எளிய ஆங்கிலத் தொடர்கள் பின்னாளில் இடப்பெற்றன. கலைச்சொல்லால் விளங்காததை இணைப்புச்சொல்லால் விளக்க அவர்களும் முனைந்துள்ளனர்.

இன்னுமோர் எடுத்துக்காட்டு. கூடத்தின் வெப்பநிலை 30 பாகைக்கு மேல் சென்றால் மின்விசிறி சுழலவேண்டும். மேற்கூறிய மென்பொருளில் தூண்டலாக '30க்கு மேல்' என்று குறிப்பர். பார்வைக்கு இது நிலை போலத் தோன்றும். ஆனால், வெப்பநிலை 30 என்னும் கோட்டைக் கீழிருந்து மேலாகக் கடக்கும் கணத்தில்தான் அது இயங்கும். விதியை எழுதும்போதே கூடம் 32 பாகையில் இருந்தால் மின்விசிறி அசையாது. மாணவர் திகைப்பார். 'முப்பதைத் தாண்டியதும்' என்றும் 'முப்பதுக்கு மேல் இருந்தால்' என்றும் இரு தொடர்களைக் கரும்பலகையில் எழுதி, இவற்றுள் எதனைப் பொறி புரிந்துகொண்டது என்று வினவினால் போதும். விடை அவரிடமிருந்தே வரும்.

அவ்வாறே மழை விட்டதும் கொடி வெளியே போகவேண்டும் என்று எழுதினால், தூறல் நின்று நின்று பெய்யும்போது கொடி உள்ளும் புறமுமாக அலையும். 'மழை விட்டுப் பத்து நிமிடம் ஆகியிருந்தால்' என்பதே நாம் கருதுவது. இதற்கான கால அளவை இணைக்கும் வசதி அம்மென்பொருளில் உண்டு. அர்டுயினோவில் நாமே நேரத்தைக் கணக்கிடவேண்டும். இதில் விரித்துரைக்க வேறொன்றுமில்லை.

தமிழ் இடறும் இடங்கள்

தமிழே எல்லாவிடத்தும் தெளிவு தரும் என்று கூறுவது நேர்மையாகாது. 'வரை' என்னும் சொல்லை நோக்குவோம். 'தொட்டி நிறையும்வரை நீரேற்றியை இயக்கு' என்றால், நிறைந்ததும் நிறுத்தவேண்டும். 'தொட்டியில் இடம் இருக்கும்வரை நீரேற்றியை இயக்கு' என்றால், இடம் உள்ள காலமெல்லாம் இயக்கவேண்டும். முன்னதில் நிபந்தனை உண்மையாகும்போது செயல் நிற்கிறது. பின்னதில் நிபந்தனை பொய்யாகும்போது நிற்கிறது. ஆங்கிலத்தில் முன்னது 'அண்டில்', பின்னது 'வைல்'. மலாயிலும் 'செஹிங்கா', 'செலாகி' என இரு சொற்கள். தமிழில் இரண்டுக்கும் 'வரை' ஒன்றே. வேறுபாடு முழுவதும் அதற்கு முன்வரும் வினையின் தன்மையைச் சார்ந்துள்ளது.

தமிழில் நிரல்மொழி அமைத்தவர்களும் இவ்விடத்தைக் கடந்தே வந்துள்ளனர். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' நிரல்மொழி, நிபந்தனையை முன்னர் எழுதி 'ஆனால்' என்பதைப் பின்னர் இடுகிறது. ஆங்கில அமைப்பைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல் தமிழ்த் தொடரமைதியைப் பேணியது பாராட்டத்தக்கது. அம்மொழியில் 'வைல்' என்பதன் இடத்தில் 'வரை' வருகிறது. ஆயின், அங்கு 'வரை'க்கு முன் நிற்பது வினையன்று. எண்ணும் குறியும் கொண்ட ஒரு கோவை. 'நீர்மட்டம் 90ஐ விடக் குறைவு' என்னும் கோவையை அடுத்து 'வரை' வந்தால், குறைவாக இருக்கும்வரையா, குறைவாக ஆகும்வரையா? வினையற்ற இடத்தில் 'வரை' தன் பொருளை இழந்து நிற்கிறது. எழிலைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. வினையால் பொருள் வேறுபடும் மொழியில் தனிச்சொல்லை மட்டும் பெயர்த்தால் நேரும் இடர்ப்பாட்டுக்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

எதிர்மறையும் அவ்வாறே. 'எல்லாரும் வீட்டில் இல்லாவிட்டால் கதவைப் பூட்டு.' ஒருவர்கூட இல்லை என்பதா, ஒருவரேனும் இல்லை என்பதா? இரு பொருளுக்கும் இத்தொடர் இடந்தருகிறது; பூட்டப்படுவது வீட்டில் தனித்திருக்கும் பாட்டியை உள்ளே வைத்தாக இருக்கலாம். 'ஒருவரும் இல்லாவிட்டால்' என்று எழுதப் பழக்குதல் வேண்டும். இதற்கு நேர்மாறாக, 'உம்' இடைச்சொல் நமக்குக் கைகொடுக்கிறது. 'சமையலறையிலும் கூடத்திலும் ஆள் இல்லாவிட்டால் விளக்கை அணை' என்பதில் ஐயமில்லை, இரண்டிடமும் வெறிச்சோடியிருக்கவேண்டும். இதே கருத்தை ஆங்கிலம் 'ஆர்' கொண்டு கூறும். அதனைப் பார்த்துப் பெயர்க்கும் மாணவர் 'சமையலறையிலோ கூடத்திலோ' என எழுதி, நிரலிலும் 'அல்லது' குறியை இடுவார். கூடத்தில் குடும்பமே அமர்ந்திருக்கையில், சமையலறையில் ஆளில்லை என்று விளக்கு அணையும். தமிழில் சிந்தித்துத் தமிழிலேயே எழுதியிருந்தால் நேராத பிழை இது.

வகுப்பறையில் செய்யத்தக்கது

நிரலைத் தமிழில் எழுதவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. கட்டளைச் சொற்கள் ஆங்கிலமாகவே இருக்கட்டும்; தேர்வு நடக்கும் மொழியில் கலைச்சொற்களும் அமையட்டும். நாம் கேட்பது நிரலுக்கு முந்திய ஒரு தாளை. சாதனத்தைத் தொடுமுன், விதியை ஒரு முழுத் தமிழ் வாக்கியமாக மாணவர் எழுதவேண்டும். அதில் 'எனில்' என்னும் பொதுச்சொல்லுக்கு இடமளிக்கக்கூடாது. எனில் எதனையும் ஏற்கும், ஆதலால் எதனையும் காட்டாது. 'ஆனதும்', 'ஆகியிருந்தால்', 'ஆகும்வரை', 'இருக்கும்வரை' என வினைவடிவமே பொருளைச் சுமக்கவேண்டும். அடுத்து அவ்வாக்கியத்தில் நிகழ்வைக் குறிக்கும் எச்சத்தின்கீழ் ஒரு கோடும், நிலையைக் குறிக்கும் எச்சத்தின்கீழ் இரு கோடும் இடவேண்டும். ஒரு கோடு இட்டது தூண்டலாகும், இரு கோடு இட்டது நிபந்தனையாகும், முற்றுவினை செயலாகும். அதன் பின்னரே நிரல்.

இப்பயிற்சியை நடத்தத் தமிழாசிரியர் அர்டுயினோ கற்றிருக்கவேண்டியதில்லை. அவர் அறிந்த வினையெச்சமும் துணைவினையும் போதும். பலகையும் உணரியும் தொழில்நுட்ப ஆசிரியர் பொறுப்பு. இருவரும் ஒரு வாரம் முன்னதாக ஒரே எடுத்துக்காட்டைப் பேசிவைத்துக்கொள்ளல் நலம். இல்லையேல், ஒருவர் துணிக்கொடியையும் மற்றவர் நீரேற்றியையும் வைத்துக்கொண்டு மாணவரைக் குழப்புவர்.

நேரம் எங்கே என்னும் வினா எஞ்சுகிறது. தமிழ்ப்பள்ளியின் இறுதி இரண்டு ஆண்டுகளில், இலக்கணப் பாடவேளைக்குள்ளேயே இதற்கு இடம் காணலாம். இடைநிலைப் பள்ளியில் தமிழ் பல இடங்களில் பாடநேரத்திற்கு வெளியே, பிற்பகலில் நடத்தப்படுகிறது. வாரத்தில் கிடைக்கும் வேளைகளும் சில. அவற்றுள் ஓராண்டில் இரண்டு வேளையை முதலாம் படிவ மாணவர்க்கு இதற்கென ஒதுக்கினால், துணிக்கொடியையும் தண்ணீர்த் தொட்டியையும் முடித்துவிடலாம். தாளில் எழுதிய அந்த வாக்கியத்திற்கு எத்தேர்விலும் மதிப்பெண் இல்லை என்பதை மாணவரிடம் முன்னரே சொல்லிவிடுவது நல்லது. மோட்டார் முனையில் முட்டாமல் நிற்பதை அவர்கள் கண்ணால் காண்பார்கள்.